ஆனைமலை கண்ட ஓவியர்

பாலக்காட்டிலிருந்து கொல்லங்கோட்டுக்குச் செல்லும் சாலையில், மழை ஓய்ந்த ஒரு காலை நேரத்தில் போனவர்கள் அந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். வயல்களும் பனைகளும் முடியும் இடத்தில், தெற்கே, வானத்தைப் பாதி மறைத்துக்கொண்டு ஒரு நீல மதில் எழுந்து நிற்கும். முன்னே நிற்பது நெல்லியாம்பதி. அதன் பின்னே பறம்பிக்குளம். அதற்கும் அப்பால் ஆனைமலை. இன்னும் தெற்கே, இன்றைய இடுக்கி மாவட்டத்தின் எல்லைக்குள், 2,695 மீட்டர் உயரத்தில் ஆனைமுடி.

விடுமுறை நாட்களில் நம் மாணவ நண்பர்கள் டாப்ஸ்லிப்புக்கும் மூணாறுக்கும் கூட்டமாகப் போய் வருகிறார்கள். கைப்பேசியில் நூற்றுக்கணக்கான படங்களோடு திரும்புகிறார்கள். ஒரு மாதம் கழித்து அந்தப் படங்களில் எது எந்த மலை என்று கேட்டால் விடை வருவதில்லை. இம்மலைகளிலேயே ஏறக்குறைய நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் பென்சிலும் தாளுமாக நடந்தார். எந்த முகடு எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தச் சரிவில் காடு முடிந்து புல் தொடங்குகிறது என்பதையெல்லாம் உட்கார்ந்து வரைந்தார். தென்னாட்டு மலைகளின் வரலாற்றைப் படிப்போர் அனைவரும் அறிந்த பெயர் அவருடையது: டக்ளஸ் ஹாமில்டன்.

ஹாமில்டன் 1818-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். புகழ்பெற்ற ஹாரோ பள்ளியில் பயின்ற பின், அடிஸ்கோம் என்னுமிடத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய படைக் கல்லூரியில் சேர்ந்தார். இந்தியாவுக்கு அனுப்பும் இளம் அதிகாரிகளைப் பழக்குவதற்காகக் கம்பெனியார் 1809-இல் தொடங்கிய கல்லூரி அது. கணக்கும் கோட்டை கட்டும் கலையும் கற்பித்ததோடு, அங்கே சித்திரமும் பாடமாக இருந்தது. படைக் கல்லூரியில் சித்திரம் எதற்கு என்று நாம் வியக்கலாம். புகைப்படம் வழக்கத்துக்கு வராத காலம் அது. எதிரில் உள்ள குன்று எத்தனை செங்குத்து, ஆறு எங்கே வளைகிறது, படை எந்த வழியாக ஏறலாம் என்பதை மேலதிகாரிக்குக் காட்ட அதிகாரியின் கைதான் கருவி. ஆகவே, கண்டதைக் கண்டவாறு வரைவது வீரனின் கடமைகளில் ஒன்றாக எண்ணப்பட்டது. ஹாமில்டனின் ஓவியக் கலைக்கு வேர் அங்கே இருக்கிறது.

1837-இல் அவர் சென்னைப் படையின் 21-ஆம் காலாட்படைப் பிரிவில் சேர்ந்தார். வயது பத்தொன்பது. அதற்குப் பின் முப்பத்துநான்கு ஆண்டுகள், 1871 வரை, அவருடைய வாழ்வு சென்னை மாகாணத்துச் சேவையோடு பிணைந்திருந்தது. பாளையங்களில் பொழுது போகாத அதிகாரிகள் சீட்டாடியும் குதிரை ஓட்டியும் நாளைக் கழித்த காலத்தில், ஹாமில்டன் இரண்டு பழக்கங்களைக் கைக்கொண்டார். ஒன்று வேட்டை, மற்றொன்று நாட்குறிப்பு. 1844 முதல் 1870 வரை அவர் எழுதிய குறிப்புகளிலிருந்தே பிற்காலத்தில் அவருடைய நூல் உருவாயிற்று. இருபத்தாறு ஆண்டுகள்! ஒரு செமஸ்டருக்கு மேல் நாட்குறிப்பு எழுத முடியாமல் கைவிட்ட நமக்கு அந்த எண்ணிக்கை எளிதில் விளங்காது.

ஹாமில்டனை ஆனைமலைக்கு இழுத்து வந்தது தேக்கு. அந்நாளில் பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்குத் தேக்கு மரம் ஓயாமல் வேண்டியிருந்தது. மலையாளக் கரையை ஒட்டிய காடுகளில் நல்ல மரங்கள் வெட்டித் தீர்ந்துகொண்டிருந்தன. அப்போது ஆனைமலையின் உட்காடுகள்மீது அரசாங்கத்தின் கண் விழுந்தது. அக்காடுகளில் ஒரு பகுதி கொல்லங்கோட்டு நம்பிடியிடமிருந்து குத்தகைக்குப் பெறப்பட்டது. 1848-இல் மைக்கேல் என்னும் இளம் படை அதிகாரி அங்கே மேற்பார்வைக்கு அனுப்பப்பட்டார். யானைகள் மரத்தை இழுத்துவரும். மலையின் விளிம்பிலிருந்து அதைக் கீழே சரித்துவிடுவார்கள். டாப்ஸ்லிப் என்று நாம் இன்று வழங்கும் பெயர் அந்தச் சறுக்குத் துறையின் நினைவே. சமவெளிக்கு வந்த மரங்கள் பாலக்காட்டுச் சீமையைக் கடந்து பொன்னானித் துறைக்குப் போய், அங்கிருந்து கடல்வழியாகப் பம்பாய் சேர்ந்தன.

மைக்கேலுக்குப் பிறகு 1854-இல் அந்தப் பொறுப்பு ஹாமில்டனிடம் வந்தது. மலேரியாக் காய்ச்சல் மலிந்த காடு. மழைக்காலத்தில் அட்டையும் சேறும். வெள்ளைக்கார அதிகாரிகள் பலர் அஞ்சி ஒதுங்கிய இடத்தில் அவர் மூன்றாண்டுக் காலம் பணிபுரிந்தார். அவருக்குக் காட்டைக் கற்பித்த ஆசிரியர்கள் அங்கே வாழ்ந்த காடரும் மலசரும் ஆவர். யானை நடந்த தடத்தை நோக்கி அது எப்போது போயிற்று என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். தேன் எந்தப் பாறையில், தண்ணீர் எந்தப் பள்ளத்தில், அடுத்த மலைக்கு வழி எந்த இடுக்கில் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். துரையின் தாளில் மலை ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே அவர்களுடைய நினைவில் அது முழுமையாக வரையப்பட்டிருந்தது.

1856-இன் இறுதியில் சென்னை மாகாணத்தில் வனத்துறை முறையாகத் தொடங்கியது. அதன் தலைவராக வந்தவர் டாக்டர் கிளெகார்ன். மருத்துவர், தாவர நூல் வல்லவர், வரம்பின்றிக் காட்டை வெட்டினால் மரத்தோடு மழைநீரும் மண்ணும் போய்விடும் என்று எச்சரித்தவர். 1858-இல் கிளெகார்ன் ஆனைமலையின் உயர்ந்த பகுதிகளைக் காணப் புறப்பட்டபோது, இளம் வன அதிகாரி பெடோமும், பழைய அதிகாரியான ஹாமில்டனும் உடன் சென்றனர். ஒருவர் செடிகளைத் திரட்டினார். ஒருவர் வளங்களைக் குறித்தார். ஹாமில்டன் மலைகளை வரைந்தார். அப்பயணத்தைப் பற்றிக் கிளெகார்ன் எழுதிய கட்டுரை எடின்பரோ நகரத்து அறிஞர் கழகத்தின் வெளியீட்டில் வந்தபோது, ஹாமில்டனின் சித்திரங்களும் அதனோடு அச்சேறின. சொல்லால் காட்ட முடியாததைக் கோட்டால் காட்டிய துணைவர் அவர்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். அந்நாளில் புகைப்படம் வந்துவிட்டதே, பிறகு ஏன் பென்சில்? உண்மைதான். லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி 1858-இல் மதுரைக் கோயிலையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் அழகாகப் படமெடுத்தார். ஆனால் அவருடைய கருவிகளைச் சுமக்க மாட்டு வண்டிகள் வேண்டியிருந்தன. கண்ணாடித் தகட்டில் எடுப்பதானால் அதில் மருந்தைப் பூசி, அது உலர்வதற்குள் படமெடுத்து, உடனே இருட்டுக் கூடாரத்தில் கழுவ வேண்டும். வண்டி போகாத வரையாட்டுப் பாதையில் இவையெல்லாம் நடக்கிற காரியமா? மேலும், நீல மலையையும் வெளுத்த வானத்தையும் அன்றைய மருந்து சரியாகப் பிரித்துக் காட்டாது. தொலைவில் உள்ள முகடுகள் வானத்தோடு கரைந்துவிடும். பென்சிலுக்கு அந்தக் குறைகள் இல்லை. பையில் அடங்கும், பாறைமேல் விரியும், முன்மலை வேறு, பின்மலை வேறு என்று பிரித்துச் சொல்லும்.

1857-இல் வடநாட்டில் எழுந்த பெரும் புரட்சிக்குப் பின், இந்தியாவில் ஆங்கிலச் சிப்பாய்களின் எண்ணிக்கை பெருகிற்று. பெருகிய சிப்பாய்கள் போரில் மடிந்ததைவிட நோயில் மடிந்ததே மிகுதி. இதை ஆராய்ந்த அரச விசாரணைக் குழு 1863-இல் தன் முடிவை வெளியிட்டது. ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 பேர் இறந்துவந்தனர் என்று அது கணக்கிட்டது. காலராவும் காய்ச்சலும் குறைந்த குளிர் மலைகளில் படைகளைத் தங்கவைத்தால் என்ன என்ற எண்ணம் எங்கும் பரவியது. உதகமண்டலம் ஒன்று போதுமா? வேறு மலைகள் உண்டா? அங்கே தண்ணீர், சமநிலம், வழி இவை எப்படி? 1862-இல் சென்னை அரசாங்கம் இந்தக் கேள்விகளோடு ஹாமில்டனைத் தனிப் பணியில் அமர்த்தியது. தென்னாட்டின் உயர்ந்த மலைப் பீடபூமிகளை நேரில் கண்டு வரைந்து தர வேண்டும் என்பதே ஆணை. மலையைச் சுற்றுவதும் வரைவதும் அவருக்குப் பொழுதுபோக்காக இருந்தவை. இப்போது அவையே சம்பளம் பெறும் உத்தியோகமாயின!

சேர்வராயன் மலை, பழனிமலை, ஆனைமலையின் உயர் பகுதி ஆகியவற்றை அவர் வரைந்தார். ஒரு முகட்டில் நின்று ஒரு திசையை மட்டும் வரைவதோடு வேலை முடியாது. படை தங்கக்கூடிய வெளி எது, அதைச் சூழ்ந்த குன்றுகள் எவை, நீரோடை எந்தப் பக்கம் இறங்குகிறது என்பன அந்தத் தாளைப் பார்த்த மாத்திரத்தில் சென்னையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு விளங்க வேண்டும். அழகுக்காக ஒரு மரத்தை இடம் மாற்றினாலும், ஒரு சரிவை மென்மையாக்கினாலும் பாதை போடுகிறவன் ஏமாந்து போவான். இவ்வாறு வரைந்த சித்திரங்கள் பின்னர்க் கல்லச்சில் அச்சிடப்பட்டன.

அவ்வாண்டு மே மாதத்தில் அவர் ஆனைமுடியின் உச்சியில் ஏறினார். எழுத்தில் பதிவான முதல் ஏற்றம் அதுவே என்று சொல்லப்படுகிறது. எழுத்தில் பதிவான என்ற சொற்களை நாம் கவனிக்க வேண்டும். அந்த மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் முதுவர்கள். வரையாட்டைத் தொடர்ந்தும் தேனைத் தேடியும் அவர்கள் அங்கெல்லாம் திரிந்திருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. எழுதி வைத்தவனுக்குத்தான் வரலாறு முதலிடம் தருகிறது. ஹாமில்டனின் பெயர் நின்றது, வழி காட்டிய கால்களின் பெயர்கள் நிற்கவில்லை. குறிப்பேடு வைத்திருப்பவனுக்கு எத்தனை பெரிய வலிமை உண்டென்பதற்கும், அதனால் எத்தனை பெரிய பொறுப்பு உண்டென்பதற்கும் இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1864-இல் அவர் பழனிமலையை ஆராய்ந்தார். கோடைக்கானலுக்குத் தென்மேற்கே, கேரள எல்லையை நெருங்கும் இடத்தில், பேரிஜம் என்னும் சதுப்புப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அதற்கு அப்பால் இன்றைய இடுக்கி மாவட்டத்து வட்டவடை. அந்தப் பள்ளத்தாக்கு ஹாமில்டனின் மனத்தைக் கவர்ந்தது. ஓடையை மறித்து அணையிட்டால் ஓர் ஏரி உண்டாகும், அதன் கரையில் படைகளுக்கு ஒரு நகரமே அமைக்கலாம் என்று அவர் அரசாங்கத்துக்கு எடுத்துரைத்தார். அவர் தங்கிய இடத்துக்கு ஹாமில்டன் கோட்டை என்ற பெயரும் வந்தது. பெயர்தான் கோட்டை, மதிலும் இல்லை, பீரங்கியும் இல்லை. அவர் கனவு கண்ட படைநகரம் அங்கே எழவே இல்லை. பிற்காலத்தில் பேரிஜத்தில் அமைந்த ஏரியின் தண்ணீரை இன்று பெரியகுளத்து மக்கள் குடிக்கிறார்கள்.

இத்தகைய மனிதரின் வாழ்வில் நாம் மறைக்கக்கூடாத மற்றொரு பக்கமும் உண்டு. ஹாமில்டன் பெரு வேட்டைக்காரர். யானை, புலி, காட்டெருமை, கடமான், வரையாடு இவற்றில் எதுவும் அவருடைய துப்பாக்கிக்குத் தப்பவில்லை. வெள்ளைக்காரர் காட்டாடு என்று அழைத்த அந்த வரையாட்டை நம் சங்கப் புலவர்கள் வருடை என்று பாடினர். உலகில் நம் தென்மலைகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத விலங்கு அது. செங்குத்துப் பாறையில் கால் பிசகாமல் நிற்கும் அதன் நிலையை நுணுகிப் பார்த்த கண்ணும், அதை நோக்கிக் குறிவைத்த கண்ணும் ஒன்றே. அந்நாளில் அதைக் குற்றமென்று கருதியவர் சிலரே. காட்டு விலங்கு தீராத செல்வம் என்று நம்பிய காலம் அது. ஆயினும், அவர் வாழ்வைப் படிக்கும்போது நமக்கு நெஞ்சு உறுத்துகிறது. துப்பாக்கி எடுத்துக்கொண்டது எதையும் மலைக்குத் திருப்பித் தரவில்லை. பென்சில் எடுத்துக்கொண்டதோ மலையில் ஒரு புல்லையும் குறைக்கவில்லை.

1871-இல் ஓய்வு பெற்ற ஹாமில்டன் தாயகம் திரும்பினார். தளபதி என்ற உயர்ந்த பட்டத்தோடு முதுமையைக் கழித்து, 1892-இல் காலமானார். அவருடைய நாட்குறிப்புகளை மருத்துவரான அவருடைய சகோதரர் எட்வர்டு ஹாமில்டன் தொகுத்தார். ஆனைமலை, நீலகிரி, பழனிமலை வேட்டைகளோடு சிங்கப்பூர், ஜாவா முதலிய இடங்களைப் பற்றிய குறிப்புகளையும் கொண்ட அந்நூல் அதே 1892-இல் லண்டனில் வெளிவந்தது. அவர் வரைந்த சித்திரங்களும் அதில் இடம்பெற்றன.

இனி, அவர் வரைந்த மலைகளுக்கு நேர்ந்ததைப் பார்ப்போம். அவர் ஆனைமுடியில் ஏறியபோது மூணாற்றைச் சுற்றிலும் ஒரு தேயிலைச் செடிகூட இல்லை. 1877-இல் மன்றோ என்பவர் அம்மலைகளைப் பூஞ்சாற்று அரச குடும்பத்தாரிடமிருந்து குத்தகைக்குப் பெற்றார். 1880 அளவில் தோட்டங்கள் தோன்றின. பின்னர்த் தேயிலை சரிவெங்கும் பரவியது. தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த தொழிலாளர் அந்தச் சரிவுகளில் வாழ்நாளைக் கழித்தனர். வால்பாறைப் பக்கத்துக் காடுகளும் அவ்வாறே தேயிலையாயின. பழனிமலையின் புல்வெளிகளில் பெரும்பகுதியை வேலமரமும் தைலமரமும் பைன் மரமும் மூடிவிட்டன. இருபதாம் நூற்றாண்டில் பறம்பிக்குளத்துப் பள்ளத்தாக்குகளை அணைகள் ஏரிகளாக்கின. இரவிகுளமும், ஆனைமலையின் புல்மலையும் போன்ற சில இடங்களே பழைய கோலத்தில் எஞ்சின. இரவிகுளம் 1975-இல் சரணாலயமாகி, 1978-இல் தேசியப் பூங்காவாயிற்று. உலகில் வரையாடுகள் மிகுதியாக வாழும் இடம் இன்று அதுவே. ஹாமில்டன் சுட்ட விலங்கின் வழித்தோன்றல்கள், அவர் ஏறிய மலையின் அடியிலேயே அச்சமின்றி மேய்கின்றன.

சரிவுகளில் புல்லும் பள்ளங்களில் சோலையுமாக இருந்த அந்தப் பழைய முகத்தை இப்போது எங்கே காண்பது? வேலமரத்தை அகற்றிப் புல்லை மீட்க வேண்டும் என்று இன்று பலர் முயல்கிறார்கள். இங்கே முன்பு காடா, புல்லா என்ற கேள்வி எழும்போது, பழைய எழுத்துகளும் பழைய சித்திரங்களுமே சாட்சி கூற வேண்டியிருக்கிறது. ஹாமில்டன் வரைந்தது சிப்பாய்களுக்கு வீடு தேடுவதற்காக. அந்த நோக்கம் அவர் காலத்தோடு மறைந்தது. அவரை அனுப்பிய அரசும் மறைந்தது. சரிவைச் சரிவாகவும் புல்லைப் புல்லாகவும் வரைந்த நேர்மையால் அவருடைய தாள்கள் மட்டும் வேறொரு நூற்றாண்டுக்கு வேறொரு வேலை செய்கின்றன. எதற்குப் பயன்படும் என்று தெரியாத நிலையிலும் கண்டதைக் கண்டவாறு பதிவு செய்வதன் சிறப்பு இதுவே.

நண்பர்களே! அடுத்த விடுமுறையில் நீங்கள் நெல்லியாம்பதிக்கோ மறையூருக்கோ போகும்போது, ஒரு சிறிய நோட்டும் இரண்டு பென்சிலும் பையில் இருக்கட்டும். எனக்கு வரையத் தெரியாதே என்று சொல்லாதீர்கள். கல்லூரியில் பயின்று பல ஆண்டுகள் பழகிய பின்னரே ஹாமில்டனுக்கும் அக்கலை கைவந்தது. மலையின் மேல்கோட்டை மட்டும் இடமிருந்து வலமாக ஒருமுறை வரையுங்கள். நாளும் நேரமும் நின்ற இடமும் எழுதுங்கள். எங்கே காடு, எங்கே தோட்டம், எங்கே வீடு என்று குறியுங்கள். முகடுகளின் பெயரை அங்கே வாழ்கிற முதியவர் ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள். அவருடைய பெயரையும் அவர் இசைவோடு மறவாமல் எழுதுங்கள். ஹாமில்டனின் காலம் செய்யத் தவறியதை நாம் செய்யலாம் அல்லவா?

கால் மணி நேரம் ஒரு மலையின் முன் அமர்ந்து வரைந்தவன் அந்த மலையை வாழ்நாளில் மறப்பதில்லை. பாலக்காட்டு வயல்களுக்கு அப்பால் அந்த நீல மதில் இன்னும் நிற்கிறது. அதன் முகத்தில் இன்று உள்ள காடுகளும் தோட்டங்களும் புல்வெளிகளும் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாது. இன்று அது எப்படி இருந்தது என்று சொல்வதற்கு அன்று ஒரு நோட்டு வேண்டும். அது உங்களுடையதாக இருக்கட்டும்.